பீரோவில் பூட்டிய மண்ணெண்ணெய்

மண்ணெண்ணெய் விலை ஏறிய செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, நான் அதில் நனைத்த துணியால் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து திரும்பிய அக்கா, தூங்கும் குழந்தையை இறக்குவதுபோல இடுப்பிலிருந்து கேனை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"பிழிடா" என்றாள்.

"எதை?"

"அந்தத் துணியத்தான். இந்தக் கிண்ணத்துல பிழி. ஒரு சொட்டு கீழ போச்சு, உனக்குச் சோறு கிடையாது."

பிழிந்தேன். கறுப்பாக என்னவோ சொட்டியது. அதையும் வடிகட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா வீட்டில் 'கொஞ்ச நாள்' தங்கிவிட்டுப் போக வந்தவன் நான். அந்தக் கொஞ்ச நாளுக்குள் வீட்டுக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தாகிவிட்டது. எந்த வேலைக்கும் ஆகாதவன் என்று நான் ஒருவன் இருந்த அதே வீட்டில், எல்லா வேலைக்கும் ஆவது என்று மண்ணெண்ணெய் இருந்தது. அடுப்பு எரிவது அதனால். கரண்ட் போனால் விளக்கு அதனால். கட்டில் இடுக்கில் மூட்டைப்பூச்சி என்றால் அது. சோற்று அலமாரியின் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமலிருக்க வைத்த கிண்ணங்களில் அது. நிலைக்கண்ணாடி மங்கினால், சட்டையில் தார் ஒட்டினால், பூட்டு திறக்க மறுத்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். என்னைவிட அதற்கு வீட்டில் மரியாதை அதிகம். இப்போது விலையும் ஏறிவிட்டது. கேட்கவா வேண்டும்.

மறுநாளே அக்கா சட்டம் போட்டாள். இனி யாருக்கு வேண்டுமென்றாலும் இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியால்தான் அளந்து தருவாள். காரணம் சொல்லிக் கேட்க வேண்டும்.

"ஒரு மூடி குடேன்" என்று அத்தான் போய் நின்றார்.

"எதுக்கு?"

"கேட்டுக் கீல் கத்துது."

"கத்தட்டும். திருடன் வந்தா தெரியும்."

"நான் வந்தாலும் கத்துதே."

"அதுவும் தெரியணும்ல?"

அலமாரிக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினாள். "எறும்புக்கு நீச்சல் தெரியாதுன்னு நம்புவோம்" என்றாள். மூட்டைப்பூச்சிகளுக்கு வெயிலில் கட்டிலைப் போட்டதோடு சரி. அப்படியும் கேனில் அளவு குறைந்துகொண்டே வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்த வாரம் என் சைக்கிள் சத்தமே இல்லாமல் ஓடியது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

முடிவில் அவள் கேனைக் காலி செய்து, மண்ணெண்ணெயைப் பழைய ஜாம் ஜாடிகளிலும் சர்பத் பாட்டில்களிலும் ஊற்றினாள். மூடிகள் எப்போதோ தொலைந்துவிட்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் துணியைச் சுருட்டி அடைத்தாள். அத்தனையையும் கொண்டுபோய் இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள்.

"துணிமணி வெக்கிற பீரோக்கா அது" என்றேன்.

"விலை கூடின சாமான் பீரோவுலதான் இருக்கணும். நகை வெக்க வாங்கினது. உங்க அத்தான் புண்ணியத்துல அந்தத் தட்டு காலியாத்தானே கிடக்கு?"

அத்தான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மூக்கிலும் வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் பின்னால் வம்பாகிப் போனது.

அத்தானின் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். கடையோ குடோனோ தீப்பிடித்து எரிந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் போய்ப் பார்ப்பவர் அவர். தானாகப் பிடித்த தீயா, பணத்துக்காகப் பிடிக்கவைத்த தீயா என்று சொல்வது அவர் வேலை. கூடப் போய் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. ஆபீசில் அவருக்குப் பெயரே 'மூக்கு'தான். பெட்ரோலா, டீசலா, டர்பன்டைனா, மண்ணெண்ணெயா என்று சாம்பலை முகர்ந்தே சொல்லிவிடுவார். சாம்பலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் கம்பெனிக்குச் செலவு. அத்தான் மூக்குக்கு ஒரு கைக்குட்டை போதும். ஆகவே அவர் சொன்னால் சொன்னதுதான்.

அப்படிப்பட்ட மூக்கு வீட்டில் என்ன செய்தது என்றால், ஓய்வெடுத்தது. வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். "வீட்லயும் மோந்துக்கிட்டே இருந்தா பைத்தியம் புடிச்சிடும் மாப்ளே. உங்க அக்கா ரசத்த மோந்து நான் ரிப்போர்ட்டா குடுக்க முடியும்?" என்பார்.

பீரோ பூட்டிய அடுத்த வாரம், பெரிய தெருவில் ஒரு மெத்தைக் கடை எரிந்தது.

பீரோவிலிருந்து எடுத்த சலவைச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆனால் நாங்கள் நகர நகர ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜன்னலோரம் இருந்த ஒருவர் எழுந்து சீட்டையே எங்களிடம் விட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

"பாத்தியா மாப்ளே? மரியாதை இன்னும் செத்துப் போயிடல" என்று அத்தான் காலை நீட்டி உட்கார்ந்தார்.

கண்டக்டர் மட்டும் குனிந்து எங்கள் கால்மாட்டில் தேடினார். "கேன் கீன் ஏதாவது கொண்டாந்தீங்களா?"

"எங்களப் பாத்தா கேன் தூக்குறவங்க மாதிரியா இருக்கு?" என்று அத்தான் கோபித்துக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கை நீட்டித் தூரத்திலிருந்தே கொடுத்தார்.

மெத்தைக் கடை பாதி எரிந்திருந்தது. மீதிப் பாதியைத் தீயணைப்பு வண்டிக்காரர்கள் தண்ணீர் அடித்து நாசம் பண்ணியிருந்தார்கள். பஞ்சு மூட்டைகள் நனைந்து கருகி, யாரோ கிளறிவிட்டுப் போன களி மாதிரிக் கிடந்தன. தையல் மிஷினில் இரும்புக் கால்கள் மட்டும் நின்றன. சுவரில் சுவிட்ச் போர்டு இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வழிசல்.

கடைக்காரி மெத்தைக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேறுகிற சாமானையெல்லாம் ஓர் ஓரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்தாள். "சுவிட்ச் போர்டுலதாங்க படபடன்னு பொறி வந்துச்சு. என் கண்ணால பாத்தேன். நல்லாப் பாருங்க சார்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்க மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு இடுப்பை வளைத்து நடந்தார். அவர் அப்படி நடக்கும்போது கல்யாண வீட்டுச் சமையலறையை ஜன்னல் வழியாக மோப்பம் பிடிக்கும் ஆள் மாதிரி இருப்பார்.

நடுவில் நின்றார். "இருக்கு."

"என்னங்க இருக்கு?"

"மண்ணெண்ணெய்." மூலைக்குப் போனார். "இங்கயும் இருக்கு." மிஷினிடம் குனிந்தார். "இங்கயும்." வாசலுக்கு வந்தார். தெருவில் இறங்கி விளக்குக் கம்பத்தை முகர்ந்தார். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கம்பத்துல கூட ஊத்தியிருக்காங்கடா" என்றார்.

மெத்தைக்காரம்மாவுக்குக் காது கூர்மை. "யாரு ஊத்தினாங்க? நானா? சார், மண்ணெண்ணெய் விக்கிற விலை தெரியுமா உங்களுக்கு? என் கடைல இருந்த பஞ்ச விட அது விலை ஜாஸ்தி. அத ஊத்திக் கொளுத்துற அளவுக்கு வசதி இருந்தா நான் ஏங்க கடையக் கொளுத்துறேன்? கால நீட்டிப் படுத்துக்குவேனே!"

எனக்கு அந்த வாதம் மிகச் சரியாகப் பட்டது. இருமல் மருந்து மூடியால் மண்ணெண்ணெய் வாங்கும் வீட்டிலிருந்து வந்தவனுக்கு வேறு எப்படிப் படும்?

"ஆள் வெச்சு ஊத்தியிருக்கலாம்" என்றார் அத்தான்.

"ஆளுக்குக் கூலி எவன் குடுப்பான்?"

"அம்மா, மூக்கு சொல்றத நான் மாத்த முடியாது."

அவள் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "இன்ஷூரன்ஸ் வந்தாதாங்க பஞ்சு வாங்கி மறுபடி உக்கார முடியும். இல்லேன்னா என்ன பண்ணுவேன்? பூட்டிட்டுப் போகலாம்னா பூட்டக் கூட எனக்குக் கதவு இல்ல பாருங்க."

பார்த்தோம். இல்லைதான். அத்தான் டேப்பைச் சுருட்டினார். இளகிய மனசுக்காரர். ஆனால் மூக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு மனசு வேலை செய்யாது.

ஆபீசுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட மேனேஜர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பிறகு வெளியே தலையை நீட்டிக்கொண்டே பேசினார். "நாளைக் காலைல நானே அங்க வரேன். பணம் கிடையாதுன்னு நேர்ல சொல்லிட்டு வந்துடலாம்."

"சார், தப்பா நினைக்காதீங்க" என்றார் அத்தான். "உங்க ரூம்லயும் லேசா மண்ணெண்ணெய் வாசனை வருது. ஜாக்கிரதையா இருங்க."

"ஆமா, எனக்கும் வருது. நீங்க கிளம்புங்க முதல்ல" என்றார் மேனேஜர், ஜன்னலுக்கு வெளியே.

எதிரே டீக்கடையில் நுழைந்தோம். பக்கத்தில் சிகரெட்டும் தீக்குச்சியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். "யோவ், கொளுத்தாத! கொளுத்தாத!" என்று டீ மாஸ்டர் கல்லாவைத் தாண்டிக் குதித்து அவர் கையைப் பிடித்தார்.

அத்தானின் மூக்கு விடைத்தது. "மாப்ளே, இங்கயும் இருக்கு! கடை, கம்பம், ஆபீசு, டீக்கடை… ஊரையே கொளுத்தத் திட்டம் போட்டிருக்காங்க. இது பெரிய கும்பல்டா!"

எனக்கு வியர்த்தது. சட்டைக் காலரை இழுத்து முகத்தைத் துடைத்தேன்.

துடைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மறுபடி முகர்ந்தேன். பிறகு, சட்டையில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி அத்தானின் தோள் பக்கம் சாய்ந்து அதையும் முகர்ந்தேன்.

கும்பலைப் பிடித்துவிட்டேன். மொத்தம் இரண்டு பேர். ஒருவனுக்கு அக்கா உண்டு. மற்றவருக்கு அவள் மனைவி.

இதை எப்படிச் சொல்வது? அவர் சோற்றைத் தின்றுகொண்டு, உங்கள் மூக்கு பொய் சொல்லுது அத்தான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வழி முழுக்க வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அக்காவிடம் போனேன்.

"அக்கா, பீரோவத் தொற."

"ஒரு மூடி கூடக் கிடையாது."

"மூடியெல்லாம் வேணாம். தொறந்து மோந்து பாரு."

திறந்தாள். உள்ளே அடைந்து கிடந்த நெடி முகத்தில் வந்து மோதியது. அடைத்த துணிகளெல்லாம் எண்ணெய் உறிஞ்சி ஈரமாக நின்றன. மேலே வரிசையாகத் தொங்கின சட்டைகள். நான் மெத்தைக் கடைக் கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க அக்காவின் கை வாய்க்குப் போனது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "மூக்க மாட்டிக்கிட்டுக் கொஞ்சம் உள்ள வாங்க."

அத்தான் வந்தார். பீரோவுக்குள் தலையை விட்டார். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. வந்தபோது முகம் விழுந்துபோயிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் சட்டைக் கையை முகர்ந்தார். பிறகு மற்றக் கையை.

"இத்தன வருஷத்துல ஒரு தடவ கூடத் தப்பினதில்ல" என்றார்.

"இப்பவும் தப்பல அத்தான். மண்ணெண்ணெய்னு சரியாத்தான் சொன்னீங்க. எங்க இருந்து வருதுங்கிறதுலதான்…"

"நீ சும்மா இருடா" என்றாள் அக்கா.

"நாளைக்கு இதப் போய்ச் சொன்னா ஆபீசே சிரிக்கும். மூக்குன்னு கூப்பிட்ட வாயால என்னென்ன சொல்லுவானுங்களோ."

"சிரிக்கட்டும். அவங்களுக்கு வாய் வலிக்கும், அவ்வளவுதான். அந்தம்மாவுக்கு வயிறுல்ல எரியும்? நீங்க சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன். பாட்டிலோட போய் நிப்பேன்."

அத்தான் யோசித்தார். "சொல்லலாம். ஆனா அங்க நிஜமாவே மண்ணெண்ணெய் ஊத்தியிருந்தா? இந்தச் சட்டையோட நான் மோந்தது எதுவும் செல்லாது. ஊத்தலன்னும் என்னால சொல்ல முடியாது. சுத்தமாப் போய் மறுபடி மோந்து பாக்கணும். இருந்தா இருக்குன்னுதான் சொல்லுவேன்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது, பயமாகவும் இருந்தது.

விடிந்ததும் அக்கா அவரைக் கிணற்றடியில் நிறுத்தி, சோப்பு, எலுமிச்சைத் தோல், தேங்காய் நார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்தாள். பாத்திரம் கூட அவ்வளவு பளபளத்ததில்லை. அடுத்து என் முறை. இரண்டு பேரும் சுத்தமாகிவிட்டோம். போட்டுக்கொள்ளத்தான் துணியில்லை. இரவே துவைத்துப் போட்ட சட்டை காய்ந்திருந்தது. இப்போது சோப்பும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணத்தது. வீட்டிலுள்ள மற்ற எல்லாத் துணியும் அந்தப் பீரோவில்தான்.

அக்கா எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கே இருப்பவர் கல்யாண பேண்டில் ட்ரம்பெட் ஊதுபவர். ஒல்லி மனிதர். அவருடைய உடுப்பெல்லாம் சலவைக்குப் போயிருந்தது. வீட்டில் மிச்சமிருந்தவை பேண்டு உடுப்பு இரண்டு மட்டுமே: அவருடையது ஒன்று அத்தானுக்கு, டிரம் அடிப்பவருடையது ஒன்று எனக்கு. சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் கயிறு, நெஞ்சில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், இறகு வைத்த தொப்பி, எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசனை.

"தொப்பி வேணாமே" என்று அத்தான் கெஞ்சினார்.

"தலைமுடில இன்னும் வாசனை இருந்தா? மூடுங்க" என்றாள் அக்கா. பொத்தான் போடுவதற்குள் நான் முதுகிலும் அவள் நெஞ்சிலுமாக அவரை அமுக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் ஒருவரும் சீட்டுத் தரவில்லை. பக்கத்தில் நின்றவர் சிநேகமாக விசாரித்தார். "கல்யாணம் எங்க?"

"கல்யாணம் இல்லீங்க. தீ விபத்து" என்றேன்.

"அதுக்குமா இப்பல்லாம் பேண்டு வெக்கிறாங்க?"

மெத்தைக் கடை வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். ஏதோ ஊர்வலம் போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். மெத்தைக்காரம்மா சட்டென்று அடையாளம் கண்டுகொண்டாள்.

"என் கடை எரிஞ்சதுக்கு மேளம் வெச்சுக் கொண்டாட வந்திருக்கீங்களா? வாசிங்க! நல்லா வாசிங்க! தெருவே கேக்கட்டும்!"

"அம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார் அத்தான். கண்ணை மூடி, ஒரு பக்க மூக்கை அடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் பின்னாலேயே போனேன். அத்தான் நடுவில் குனிந்தார். மூலையில் குனிந்தார். தங்கக் கயிறு ஈரச் சாம்பலில் தோய்ந்தது. நேற்று 'இருக்கு' என்று சொன்ன ஒவ்வோர் இடத்திலும் நின்றார். இன்று ஒன்றும் சொல்லவில்லை. மிஷினுக்கு அடியில் முகர்வதற்காகச் சாம்பலில் மண்டியிட்டபோது, பொத்தான் ஒன்று தெறித்து மேனேஜரின் செருப்பில் போய் விழுந்தது. சுவிட்ச் போர்டை முகர எட்டியபோது இன்னொன்று போயிற்று. மெத்தைக்காரம்மா திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் எழுந்தார். மூக்கு நுனியில் கரி.

"ஒயர் ரப்பர் கருகின வாசனை. சுவிட்ச் போர்டுகிட்டதான் ஜாஸ்தி. அங்கதான் ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் பஞ்சு. அந்துருண்டை வாசனை கொஞ்சம் வருது. அது நான். அதக் கழிச்சுடலாம்."

"மண்ணெண்ணெய்?" என்றார் மேனேஜர்.

"சொட்டு கூட இல்ல."

"நேத்து இருந்துச்சுன்னீங்களே?"

அத்தான் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். "அதுவும் நான்தான் சார்."

பீரோ கதையைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, இருமல் மருந்து மூடி உட்பட எல்லாம் சொன்னார். மேனேஜரின் முகம் பல விதமாக மாறியது. கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெத்தைக்காரம்மாவைப் பார்த்தார். "உங்க பணம் வந்துடும்மா. நானே பாத்து அனுப்பி வெக்கிறேன்."

இரண்டு நாளாக நின்றபடியே இருந்தவள், கருகிய பலகை ஒன்றில் மெதுவாக உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிவப்புக் கோட்டோடு இரண்டு பேரும், செருப்பில் பொத்தானோடு மேனேஜருமாகச் சும்மா நின்றோம்.

"மன்னிச்சிடும்மா" என்றார் அத்தான்.

அவள் முந்தானையை இறக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கோட்டு யாரோடது?"

"எதிர்வீட்டுக்காரரோடது. இரவல்."

"இப்படியேவா திருப்பிக் குடுப்பீங்க? கழட்டுங்க."

தேறிய சாமான் குவியலைத் துழாவி ஊசியும் நூல்கண்டும் எடுத்தாள். மேனேஜர் ஒரு பொத்தானைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொன்றை நான் சாம்பலில் தவழ்ந்து தேடி எடுத்தேன். அத்தான் வெற்று உடம்போடு கடை நடுவில் நின்றார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் ஒன்றையும் கண்டுகொள்ளாமல் மெத்தைக்குப் போடுகிற கனத்த தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கூலி எவ்வளவும்மா?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"வாங்காம விடுவேனா? கடைய மறுபடி தொறந்ததும் இதுதான் முதல் வேலை. குடுத்துட்டுப் போங்க." கோட்டை உதறி நீட்டினாள். "பொத்தான் இனி பிய்யாது. துணிக்குத்தான் நான் பொறுப்பில்ல. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மூச்ச இழுக்காதீங்க."